புது எக்ஸெல்லில் பழைய மேக்ரோ இழுத்துக்கொண்டு நின்றால்: கடைக் கணக்குக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

ஆபிஸ் 2010க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 அக்டோபரில் முடிந்தது. ஆபிஸ் 2016, 2019, விண்டோஸ் 10 மூன்றுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் முடிந்தது. கம்ப்யூட்டரையே மாற்றிவிட்டு, பழைய ஃபைலை அப்படியே புது எக்ஸெல்லில் திறந்து வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. காரைக்குடி அடகுக் கடையின் வட்டிக் கணக்காக இருக்கலாம், ஆத்தங்குடிக் கல் பட்டறையின் ஆர்டர் புத்தகமாக இருக்கலாம், பலகாரக் கடையின் பார்சல் கணக்காக இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினால் மேக்ரோ (எக்ஸெல் தானாகச் செய்ய வேண்டிய வேலையை வரிவரியாக எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு) ஓடி, நிமிர்வதற்குள் ஐந்தொகை வந்து நிற்கும். புதியதில் காபி குடித்துவிட்டு வந்தாலும் சுட்டியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புது எக்ஸெல்லே மந்தம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கணக்கிடுவதில் அது பழையதைவிட வேகமானது. மேக்ரோ ஷீட்டோடும் திரையோடும் பிரிண்டரோடும் ஓயாமல் பேசுகிறதே, அந்தப் பேச்சுக்கு ஆகும் செலவுதான் கூடியிருக்கிறது. கல்யாணச் சமையலுக்கு முகப்பில் இறக்கிய வெங்காயத்தை வளவு தாண்டி இரண்டாம் கட்டுக்கு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப்போகிற மாதிரி பல மேக்ரோக்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நடை தூரம் குறைவாக இருந்தவரை அது தெரியவில்லை. ஆகவே எந்த நடை அதிகம் என்று கண்டுபிடித்து, அதை மூட்டையாகக் கட்டித் தூக்க வைப்பதுதான் இங்கே வேலை.

ஒரு குறிப்பு: கீழே உள்ள கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன. மேக்ரோவை எழுதித் திருத்தும் எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். முதல் நாலைந்து எழுத்தைத் தட்டி கண்ட்ரோல், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முழுப் பெயரை எடிட்டரே நிரப்பும்.

கை வைப்பதற்கு முன்

ஃபைலை வேறு பெயரில் நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபைல் பெயரின் முடிவு எக்ஸ்எல்எஸ் என்று இருந்தால், சேவ் ஆஸ் கொடுத்து மேக்ரோ அனுமதிக்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகையாக மாற்றுங்கள். கவனக்குறைவாக எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் மேக்ரோ மொத்தமும் போய்விடும். மாற்றியபின் ஃபைலை மூடித் திறப்பது அவசியம். மூடும்வரை அது பழைய பொருத்தமுறையிலேயே, 65,536 வரி எல்லையோடு இருக்கும். பிறகு ஆல்ட், எஃப்11 அழுத்தி எடிட்டருக்குப் போய், டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். பிழை எதுவும் காட்டாவிட்டால் சேமியுங்கள்.

இதே எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் மிஸ்ஸிங் என்று இருந்தால், பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒரு துணைக்கருவி இதில் இல்லை என்று பொருள். பழைய காலண்டர் கண்ட்ரோல் இதில் அடிக்கடி மாட்டும். ஆபிஸ் 2010இலிருந்தே அது கிடையாது. இப்போது ஆபிஸ் வழக்கமாக 64 பிட்டாக நிறுவப்படுகிறது. விண்டோஸ் செயல்கூறுகளை அழைக்கும் டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் என்ற சொல் சேராவிட்டால் அவை ஓடவே ஓடாது. இவை கம்பைல் பிழையாக உடனே தெரிந்துவிடும். ஆனால் எழுதியவர் தொடக்கத்திலேயே ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்று போட்டுவைத்திருந்தால், ஓடும்போது வருகிற பிழை ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டு, வெளியே வெறும் தாமதமாக மட்டும் தெரியும். சோதிக்கும்வரை அந்த வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அதை முடக்கிவையுங்கள்.

எங்கே நேரம் போகிறது என்று அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்

மேக்ரோவின் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

டிம் டி ஆஸ் டபுள்: டி = டைமர்

பிறகு முக்கியமான ஒவ்வொரு கட்டம் முடிகிற இடத்திலும் இப்படி ஒரு வரி:

டீபக்.பிரிண்ட் 1, டைமர் - டி

அடுத்த கட்டத்தில் 2, அதற்கடுத்து 3. கண்ட்ரோல், ஜி அழுத்தினால் கீழே இம்மீடியட் ஜன்னல் திறக்கும். மேக்ரோ ஓடி முடிந்ததும், தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டம் முடியும்வரை எத்தனை விநாடி ஆனது என்று அங்கே வரிசையாக நிற்கும். ஒரு எண்ணிலிருந்து அதற்கு முந்தைய எண்ணைக் கழித்தால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஆன நேரம். டைமர் என்பது நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. இரவு 12 மணியைத் தாண்டி ஓட்டினால் விடை கழித்தலில் வரும், பயப்பட வேண்டாம். முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஓட்டங்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் செருகிவிட்டு அளக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் நிறுத்துகிற நாளில் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து, ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைப்பது நடக்கிறது. பேட்டரி சேமிப்பு முறையில் பிராசஸரின் வேகமே குறைக்கப்படும்.

பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான் நேரத்தையெல்லாம் தின்றுகொண்டிருக்கும். அது எந்த வகை என்று பார்த்துக் கீழே உள்ளதில் பொருந்துவதைச் செய்யுங்கள்.

பிரிண்டர்: முதலில் சந்தேகிக்க வேண்டிய ஆள்

பேரேட்டில் ஐம்பது, நூறு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஷீட். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஓரம், தலைப்பு, தாள் அளவு என்று பேஜ்செட்டப் வரிகள். இப்படி ஒரு ஃபைல் என்றால் மற்றதைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பேஜ்செட்டப்பின் ஒவ்வொரு பண்பை மாற்றும்போதும் எக்ஸெல் பிரிண்டர் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) கூப்பிட்டுக் கேட்கிறது. ரெக்கார்ட் செய்த மேக்ரோவில் நீங்கள் மாற்றியது தாளின் திசை ஒன்றுதான் என்றாலும், இடது ஓரம், வலது ஓரம், அச்சுத் தரம், கருப்பு வெள்ளை என்று எல்லாப் பண்புகளும் வரிவரியாகப் பதிவாகியிருக்கும். 20 வரிகள், 100 ஷீட்டுகள் என்றால் டிரைவரை 2,000 தடவை தட்டி எழுப்புகிறோம். பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் யுஎஸ்பி வயரில் பக்கத்திலேயே இருந்தது. புதியதில் வைஃபை பிரிண்டர் இயல்பு பிரிண்டராக இருக்கும், அல்லது அணைத்துவைத்த ஒன்று இயல்பாக நிற்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் வரத் தாமதமாகும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் செட்டிங்ஸில், இயல்பு பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கட்டும் என்ற விருப்பத்தை அணைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதை இயல்பாக்கி, எக்ஸெல்லை மூடித் திறந்து மேக்ரோவை ஓட்டுங்கள். நேரம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி பிடிபட்டான்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, முதலில் தேவையற்ற பண்பு வரிகளை நீக்குங்கள். நாலைந்துதான் மிஞ்சும். பிறகு அவற்றுக்கு முன்னால்

அப்ளிகேஷன்.பிரிண்ட்கம்யூனிகேஷன் = ஃபால்ஸ்

என்றும், பின்னால் அதையே ட்ரூ என்றும் போடுங்கள். எக்ஸெல் 2010இல் வந்த வசதி இது. மாற்றங்களையெல்லாம் சேர்த்துவைத்து, ட்ரூ ஆன கணத்தில் ஒரே தடவையாக டிரைவரிடம் கொடுக்கும். மறுபடி ட்ரூ ஆக்க மறந்தால் நீங்கள் வைத்த ஓரமும் திசையும் பதியாது. பிரிண்டரே நிறுவாத கம்ப்யூட்டரில் பேஜ்செட்டப் வரிகள் பிழை காட்டி நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தொல்லை உண்டு. அச்சு முன்னோட்டம் பார்த்துத் திரும்பியதும் ஷீட்டில் பக்கப் பிரிவுக்கான புள்ளிக் கோடுகள் தங்கிவிடும். அவை தெரிகிறவரை, ஒரு வரியைச் செருகினாலும் மறைத்தாலும் உயரத்தை மாற்றினாலும் பக்கம் எங்கே முறிகிறது என்று எக்ஸெல் மறுபடி கணக்குப் போடும். ஆக்டிவ்ஷீட்.டிஸ்ப்ளேபேஜ்பிரேக்ஸ் = ஃபால்ஸ் என்ற ஒரு வரி அதை நிறுத்தும். இது ஷீட்டுக்கு ஷீட் தனி அமைப்பு. வேலை நடக்கிற ஒவ்வொரு ஷீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

திரை, தாவல், தானாகக் கணக்கிடுதல்

எக்ஸெல் 2013க்கு முன்பு எல்லா ஃபைலும் ஒரே பெரிய ஜன்னலுக்குள் திறந்தன. 2013இலிருந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ஜன்னல், தனி ரிப்பன். அதனால் இரண்டு ஃபைல்களுக்கு இடையே மாறி மாறி ஆக்டிவேட் செய்து, செலக்ட் செய்து, காப்பி செய்து, பேஸ்ட் செய்கிற மேக்ரோவுக்கு ஒவ்வொரு தாவலிலும் முழு ஜன்னலை எழுப்புகிற செலவு விழுகிறது. ரெக்கார்ட் செய்த மேக்ரோக்கள் எல்லாம் இந்த வகைதான். செலக்ட் என்று ஒரு வரியும் செலக்ஷன் என்று அடுத்த வரியும் தொடங்கினால், இரண்டையும் ஒட்டி ஒரே வரியாக்குங்கள். நகலெடுப்பதற்கு காப்பி டெஸ்டினேஷன் என்று போகுமிடத்தையும் அதே வரியில் சொல்லிவிடலாம். வெறும் மதிப்பு போதும் என்றால் காப்பியே வேண்டாம். ஒரு ரேஞ்சின் வேல்யூவை இன்னொன்றின் வேல்யூவுக்குச் சமமாக வைத்தால் போதும்.

மேக்ரோவின் தலையில் இந்த மூன்று வரிகள் இருக்கட்டும்:

அப்ளிகேஷன்.ஸ்கிரீன்அப்டேட்டிங் = ஃபால்ஸ்
அப்ளிகேஷன்.எனேபிள்ஈவண்ட்ஸ் = ஃபால்ஸ்
அப்ளிகேஷன்.கால்குலேஷன் = எக்ஸ்எல்கால்குலேஷன்மேனுவல்

முடிவில் மூன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்: முதல் இரண்டும் ட்ரூ, மூன்றாவது எக்ஸ்எல்கால்குலேஷன்ஆட்டோமேட்டிக். இதில் கவனம் சிதறினால் கடைக்கு நஷ்டம் வரும். கணக்கிடும் முறை ஒரு ஃபைலுக்கு மட்டும் உரியதல்ல. திறந்திருக்கும் எல்லா ஃபைலுக்கும் சேர்த்துத்தான். மேக்ரோ பாதியில் பிழையோடு நின்று, முறை மேனுவலிலேயே தங்கிவிட்டால், அடுத்து அடகுச் சீட்டு ஃபைலில் தேதியை மாற்றினாலும் வட்டித் தொகை பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளரிடம் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம். எனவே மேக்ரோவின் தொடக்கத்தில் ஆன் எரர் கோடூ முடிவு என்ற பொருளில் ஒரு வரி வைத்து, மேக்ரோவின் கடைசியில் அந்தப் பெயருள்ள இடத்தில் மீட்கும் மூன்று வரிகளையும் வையுங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டம் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பிழை எண்ணையும் விளக்கத்தையும் ஒரு மெசேஜ்பாக்ஸில் காட்டிவிடுங்கள், விழுங்கக் கூடாது.

செல் செல்லாகப் படிப்பதை நிறுத்துவது

மேலே சொன்னவற்றைச் செய்தும் வேகம் போதவில்லை என்றால், அநேகமாக ஒரு ஃபார் சுழலுக்குள் (ஒரே வேலையை வரிக்கு வரி திரும்பச் செய்யும் பகுதிக்குள்) செல்ஸ் என்ற சொல் இருக்கும். நாள் குறிப்பில் 20,000 வரிகள், வரிக்கு 6 செல்கள் என்றால் மேக்ரோ ஷீட்டின் கதவை 1,20,000 தடவை தட்டுகிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் நினைவகத்துக்கு எடுத்து, அங்கேயே கணக்கைப் பார்த்து, விடையை ஒரே தடவையில் திரும்ப இறக்க வேண்டும். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருகிற மாற்றம் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

டிம் ஏ ஆஸ் வேரியண்ட், எல் ஆஸ் லாங், ஐ ஆஸ் லாங்
எல் = ஷீட்1.செல்ஸ்(ஷீட்1.ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ
ஏ = ஷீட்1.ரேஞ்ச்("ஏ2:எஃப்" & எல்).வேல்யூ2
ஃபார் ஐ = 1 டு யூபவுண்ட்(ஏ, 1)
ஏ(ஐ, 6) = ஏ(ஐ, 4) - ஏ(ஐ, 5)
நெக்ஸ்ட் ஐ
ஷீட்1.ரேஞ்ச்("ஏ2:எஃப்" & எல்).வேல்யூ2 = ஏ

நாலாவது நெடுவரிசை வரவு, ஐந்தாவது பற்று, ஆறாவது நிலுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் தவறக்கூடிய இடங்கள் சில. எல், ஐ இரண்டும் லாங் ஆக இருக்க வேண்டும். பழைய நிரலில் இன்டிஜர் என்று இருந்தால் 32,767ஐத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ என்று நிற்கும். ரோஸ்.கவுண்ட்டுக்கு முன்னால் ஷீட் பெயர் இல்லாவிட்டால், பழைய வகை ஃபைல் ஒன்று அந்நேரம் முன்னால் இருந்தால் 65,536 என்றும், புது வகை இருந்தால் 10,48,576 என்றும் மாறி மாறி வரும். ரேஞ்ச் ஒரே ஒரு செல்லாகச் சுருங்கினால் ஏ அணியாக (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேயாக) இருக்காது, டைப் மிஸ்மேட்ச் வரும். வேல்யூ2 தேதியை எண்ணாகத் தரும். தேதி வடிவம் போட்ட செல்லில் திரும்ப இறக்கினால் தேதியாகவே தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஃபார்முலா இருந்த செல்களின் மேல் அணியை இறக்கினால் ஃபார்முலா அழிந்து வெறும் எண் நிற்கும். அதனால் விடை நெடுவரிசையை மட்டும் தனி அணியில் போட்டு அதை மட்டும் இறக்குவது பாதுகாப்பு.

ஒரு சீட்டு எண்ணை வைத்து இன்னொரு ஷீட்டில் பெயரைத் தேடுகிற வேலை என்றால், சுழலுக்குள் ஃபைண்ட் போடாதீர்கள். கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் ஸ்கிரிப்டிங்.டிக்ஷனரி ஒன்றை (எண்ணைச் சொன்னால் அதற்குரிய பெயரைத் தரும் பட்டியலை) உருவாக்கி, பெயர்ப்பட்டியலை ஒரு முறை அதில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு தேடலும் நொடியில் முடியும். எண்ணாக உள்ள 101உம் எழுத்தாக உள்ள 101உம் டிக்ஷனரிக்கு இரண்டு வேறு ஆட்கள். ஏற்றும்போதும் தேடும்போதும் சிஎஸ்டிஆர் கொண்டு எழுத்தாக்கிவிடுங்கள். ஓரத்தில் ஒட்டிய வெற்றிடத்தை ட்ரிம் கொண்டு நீக்குங்கள்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத சுழல்

தமிழில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வருகிற கோளாறு இது. பழைய ஷீட்டில் பாமினி போன்ற எழுத்துரு இருந்திருக்கும். அதில் தமிழாகத் தெரிவதெல்லாம் உள்ளே ஆங்கிலக் குறியீடுகள்தான். மேக்ரோவில், மொத்தம் என்ற சொல் வரும்வரை கீழே போ என்று அந்தக் குறியீட்டிலேயே எழுதிவைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் மாற்றும்போது ஷீட்டை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சொல் மேக்ரோவுக்கு ஒருநாளும் அகப்படாது. பழைய ஃபைலில் 65,536 வரியோடு எல்லை முடிந்தது. புது வகையில் 10,48,576 வரிகள், சரியாக 16 மடங்கு. வெற்று வரிகளில் கடைசிவரை நடந்துவிட்டு வரும்.

மேக்ரோவில் யூனிகோடில் மொத்தம் என்று நேரடியாகத் தட்டவும் முடியாது. அந்த எடிட்டர் யூனிகோடு அறியாதது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். வேண்டிய தமிழ்ச் சொற்களை ஒரு தனி ஷீட்டின் செல்களில் எழுதிவைத்து, மேக்ரோ அங்கிருந்து படிக்கட்டும். ஷீட்டுகளையும் தமிழ்ப் பெயரால் கூப்பிடாமல், எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள ஷீட்1, ஷீட்2 என்ற உள்பெயரால் கூப்பிடுங்கள். யாராவது ஷீட் பெயரை மாற்றினாலும் மேக்ரோ உடையாது.

பருத்துப்போன ஷீட்

கண்ட்ரோல், எண்ட் அழுத்துங்கள். தரவு 3,000ஆவது வரியில் முடிய, சுட்டி எங்கோ லட்சத்தில் போய் நின்றால் ஷீட் வீணாகப் பருத்திருக்கிறது. தரவுக்குக் கீழுள்ள வரிகளைத் தேர்ந்தெடுத்து, டெலிட் விசையால் துடைக்காமல், வலது கிளிக்கில் வரிகளையே நீக்கி, சேமியுங்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் மேனேஜ் ரூல்ஸ் திறந்து இந்த ஷீட் என்று தேர்ந்தெடுங்கள். ஒரே விதி நூறு துண்டாகக் கிடக்கும், வெட்டி ஒட்டும்போதெல்லாம் பிளந்தது. மொத்தத்தையும் நீக்கி ஒரே விதியாக எழுதுங்கள். ஆல்ட், எஃப்10 அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத படங்களும் பெட்டிகளும் பட்டியலாக வரும். இன்டைரக்ட், ஆஃப்செட், நவ், டுடே ஆகியவை எங்கே எது மாறினாலும் மறுபடி கணக்கிடப்படும் ஃபார்முலாக்கள். இன்றைய தேதியை ஒரே செல்லில் வைத்து மற்றவை அதைப் பார்க்கட்டும்.

சொந்தமாக எழுதிய ஃபங்ஷன்

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சதுர அடியைக் கொடுத்தால் கல் எண்ணிக்கை தருகிற ஃபங்ஷன் ஒன்றை எழுதி ஆயிரம் செல்களில் போட்டிருக்கலாம். எக்ஸெல் 2007இலிருந்து கணக்கைப் பல இழைகளாக, அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பல பங்குகளாகப் பிரித்துச் செய்யும். ஆனால் மேக்ரோ மொழியில் எழுதிய ஃபங்ஷன் ஒற்றை இழையில்தான் ஓடும். எடிட்டர் ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் மெதுவாகும், மூடிவிட்டுப் பாருங்கள். எது மாறினாலும் ஃபங்ஷனை மறுபடி ஓடவைக்கும் அப்ளிகேஷன்.வொலட்டைல் என்ற வரி உள்ளே காரணமில்லாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்குக்கு ஃபங்ஷனே தேவையில்லை. 8 அங்குலக் கல்லுக்குச் சதுர அடிக்கு 2.25, 10 அங்குலத்துக்கு 1.44, 12 அங்குலத்துக்கு 1 என்று பெருக்கி, ரவுண்ட்அப் போட்டால் முடிந்தது.

ஃபைல் இருக்கும் இடம்

ஒன்டிரைவ் ஃபோல்டரில் வைத்த ஃபைலுக்கு மைக்ரோசாஃப்ட் 365இல் ஆட்டோசேவ் தானாக ஓடும். மேக்ரோ எழுத எழுத அது சேமித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் திஸ்வொர்க்புக்.ஆட்டோசேவ்ஆன் = ஃபால்ஸ் என்று வைத்து, முடிவில் நீங்களே சேவ் கொடுங்கள். அங்கே திஸ்வொர்க்புக்.பாத் இணைய முகவரியாக வருவதால், டிர் கொண்டு பக்கத்து ஃபைலைத் தேடும் மேக்ரோக்கள் குழம்பும். பழைய கம்ப்யூட்டரின் பெயர் சொல்லும் நெட்வொர்க் பாதை ஏதாவது மிச்சமிருந்தால், ஒவ்வொரு திறப்பிலும் இல்லாத ஆளைத் தேடிக் காத்திருக்கும்; டேட்டா மெனுவில் ஒர்க்புக் லிங்க்ஸ் பார்த்து வெட்டுங்கள்.

மேக்ரோ ஓடும்போது அது வெளியே விடுக்கும் அழைப்புகளை வைரஸ் தடுப்பியிடம் காட்டிச் சோதிக்கும் வசதியும் 2018இலிருந்து இருக்கிறது. அதற்காகத் தடுப்பியை அணைக்காதீர்கள், அடகு வைத்தவர்களின் விவரமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கணக்கு ஃபைலுக்கு மட்டும் தனி ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, டிரஸ்ட் சென்டரில் நம்பகமான இடமாகச் சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சேர்க்கவே கூடாது. மின்னஞ்சலில் வந்த ஃபைலில் மேக்ரோ ஓடவே மறுத்தால், அனுப்பியவர் யார் என்று உறுதி செய்துகொண்டு, ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கட்டத்தை டிக் செய்யுங்கள்.

ஒப்பிடாமல் பழையதை அழிக்காதீர்கள்

ஒரு முழு மாதத் தரவை எடுத்து, பழைய மேக்ரோவை ஒரு நகலிலும் திருத்தியதை இன்னொரு நகலிலும் ஓட்டுங்கள். இரண்டு ஐந்தொகையையும் ஒரே ஃபைலில் பக்கத்துப் பக்கத்து ஷீட்டில் வைத்து, மூன்றாவதில் செல்லுக்குச் செல் கழித்துப் பாருங்கள். பற்று மொத்தம், வரவு மொத்தம், ஒவ்வொரு பேரேட்டு நிலுவை எல்லாவற்றிலும் வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். எங்காவது பைசா அளவில் வித்தியாசம் நின்றால், அது வழக்கமாக வேல்யூவை வேல்யூ2 ஆக்கிய இடம். நாணய வடிவம் போட்ட செல்லை வேல்யூ நாலு தசமத்தோடு வெட்டித் தரும், வேல்யூ2 முழுசாகத் தரும். வட்டி கணக்கிடும் வரியில் ரவுண்ட் எந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் மார்ச் மாதக் கடைசி நாள், ஏப்ரல் முதல் நாள் இரண்டுக்கும் தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஃபைலை பென்டிரைவில் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.